ஒரு கைக்கு எட்டாத இரண்டு போர்ட்டுகள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பூமிக்கு அடியில் ஓடும் கேபிளில் பாதி நான் போட்டது. மீதிப் பாதியைப் போட்டவர்களும் எங்கே தோண்டலாம் என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் தோண்டினார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கேட்காமல் தோண்டியவர்கள் என் கேபிளை வெட்டினார்கள், அதனால் சொல்கிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தது, நான் இந்தப் பக்கம் இருந்தேன். வேறு காரணம் இல்லை.

அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய வார்ப்பு ஆலை. இரும்பை உருக்கி வண்டிகளுக்கான பாகங்கள் வார்ப்பார்கள். அதன் கேட்டுக்குள் நான் முதல்முதலாக நுழைந்தபோது தோளில் கடப்பாரை, சட்டையில் ஊசியால் குத்திய தினக்கூலிச் சீட்டு. போகும்போதும் வரும்போதும் என் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்ப்பார்கள். போகும்போது சோறு இருக்கும், வரும்போது இருக்காது. இரண்டையும் அதே கவனத்தோடு பார்ப்பார்கள். பிறகு டெலிபோன் கேபிள், அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் கேபிள், அதற்குப் பிறகு செவ்வாப்பேட்டையில் வீட்டை ஒட்டி ஒரு குடோன், சொந்தமாக ஒரு வேன், எனக்குக் கீழே ஆட்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு அதே கேட்டில் என்னிடம் கான்ட்ராக்டர் பாஸ் இருந்தது. போட்டோ ஒட்டியது, நீல நாடா போட்டது, வண்டியோடு உள்ளே போகலாம் என்று அச்சடித்தது. தூக்கைத் திறந்து பார்த்த அதே செக்யூரிட்டி எனக்கு சல்யூட் வைத்தார். முழு சல்யூட் என்று சொல்ல முடியாது, கை பாதி வரைக்கும் வரும். எனக்கு அது போதும்.

இந்தக் கதை அந்த பாஸைப் பற்றியது. இன்னும் இரண்டு மூன்று வருஷம் போனால் இரண்டாயிரத்துப் பத்து வந்துவிடும் என்ற சமயத்தில், அது என் கையை விட்டுப் போகப் பார்த்தது.

அந்த ஆலையில் நெட்வொர்க் எப்படி வளர்ந்தது என்றால், எங்கள் பக்கம் வீடுகள் வளர்ந்த மாதிரி வளர்ந்தது. முதலில் ஓர் அறை, பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் பக்கத்தில் ஓர் அறை, அதைத் தாண்டி இன்னொன்று. கடைசி அறைக்குப் போக எல்லா அறையையும் கடக்க வேண்டும். ஒரு பிரிவு கம்ப்யூட்டர் கேட்டால், அதற்கு முன்னால் இருக்கும் சின்ன சுவிட்சிலிருந்து ஒரு வயரை இழுத்து இன்னொரு சின்ன சுவிட்ச் வைப்பேன். சுவிட்ச் என்றால் லைட் போடுவது இல்லை. பல கம்ப்யூட்டர்களின் வயரை ஒன்றாகச் சேர்க்கும் பெட்டி. வயர் சொருகும் ஓட்டைக்குப் போர்ட் என்று பெயர். அந்தச் சங்கிலியை நான் வருஷக்கணக்கில் கோத்தேன், நன்றாகவே ஓடியது. ஒரு நாள் டூல் ரூம் சுவிட்சுக்குள் ஒரு பல்லி புகுந்து செத்தது. சுவிட்சும் கூடவே செத்தது. சங்கிலியில் அதற்கு அடுத்து இருந்தது டெஸ்பாட்ச். கேட் பாஸ் அச்சாகவில்லை, பில் அச்சாகவில்லை. சரக்கு ஏற்றிய லாரிகள் கேட்டிலிருந்து ஹைவே வரைக்கும் வரிசையாக நின்றன.

சிஸ்டம்ஸ் மேனேஜர் என்னை வரச் சொன்னார். ஆலையின் கம்ப்யூட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. சென்னையிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர், நல்ல மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். யாருக்கும் இரண்டில் ஒன்றைக்கூடக் கொடுக்க மாட்டார்.

"பெரியவரே, இன்னொரு தடவை என் லாரி நின்னுச்சுன்னா உங்க பாஸை செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டு அப்படியே போயிடுங்க. என் ரூமுக்குக்கூட வர வேணாம்."

"லாரி உங்களுது இல்லியே சார். டிரான்ஸ்போர்ட்காரனுது."

"அதான் அவன் கத்துறான்."

அந்தத் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் பாஸ் போனால் சாயங்கால டீக்குள் மற்ற ஆலைகளுக்கும் செய்தி போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. அந்த செக்யூரிட்டியின் கையில் என் போட்டோவைக் கொடுத்துவிட்டு நடந்து வெளியே வருவதை நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

மேனேஜர் பிறகு கொஞ்சம் இறங்கினார். சின்ன சுவிட்ச் சங்கிலி இனி வேண்டாம், பெரிய பெட்டி இரண்டு வாங்கலாம், ஆபீஸ் பக்கம் ஒன்று, டெஸ்பாட்ச் பக்கம் ஒன்று, இரண்டையும் ஃபைபரால், அதாவது கண்ணாடி இழைக் கேபிளால், இணைக்கலாம், நீங்களே கொட்டேஷன் கொடுங்கள் என்றார். யார் சங்கிலியில் பல்லி செத்ததோ அவனிடமே கேட்கிறாரே என்று ஒருவர் நினைக்கலாம். பூமிக்கு அடியில் எது எங்கே போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான். அதை நான் யாருக்கும் வரைந்து கொடுத்ததில்லை.

என்னிடம் ஓர் என்ஜினியர் பெண் வேலை பார்த்தாள். திருநின்றவூர். அவளைக் கண்டுபிடித்தது நான். வேலைக்கு எடுக்கும்போது நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "டிரெயினை உட்டுட்டா இன்னா பண்ணுவே?" மற்றவர்கள் எல்லாரும் பஸ்ஸில் வருவேன், போன் பண்ணுவேன் என்றார்கள். அவள், "அதுக்கு முந்துன டிரெயின்லயே வந்திருப்பேன் சார்" என்றாள். இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. சுவிட்ச் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் அவளைத் தேர்ந்தெடுத்தது நான்.

அந்தப் பெரிய பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் மேசை டிராயர் மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு இடம். அந்த இடங்களுக்கு ஸ்லாட் என்று பெயர். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஒரு கார்டைத் தள்ளிச் சொருகலாம். கீழ்ப்பக்கம் ஒரு ஸ்லாட்டில் சூப்பர்வைசர் கார்டு போயே ஆக வேண்டும். தானாக ஒரு வேலையும் செய்யாது, மற்ற கார்டுகளை வேலை வாங்கும். சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். பாக்கி ஐந்து ஸ்லாட்டில் என்ன கார்டு போடுவது என்பது நம் இஷ்டம். சாதாரண வயர் சொருகும் காப்பர் கார்டு இருக்கிறது, அதில் நாற்பத்தெட்டு போர்ட். தூரத்து ஷெட்டுகளுக்கு ஃபைபர் கார்டு. இவை தவிர எட்டே எட்டு போர்ட் உள்ள ஒரு கார்டு உண்டு. அதன் ஒவ்வொரு போர்ட்டிலும் ஏரி உடைத்துக்கொண்டு வருவதுபோல் வேகம். பத்து ஜிகா கார்டு என்பார்கள். ஐந்து ஸ்லாட்டுக்குள் எதை எத்தனை போடுவது என்பதுதான் அந்தத் தொழிலில் முழு வித்தை.

இரண்டு பெட்டியையும் இரண்டு ஃபைபரால் கட்டினால் அவை ஒரே பெட்டிபோல் நடந்துகொள்ளும். ஒன்று தலைவர், மற்றது தயாராக நிற்கும். தலைவர் செத்தால் மற்றது நாற்காலியில் உட்காரும். ஆனால் நடுவில் உள்ள இரண்டு ஃபைபரும் ஒரே நேரத்தில் போய்விட்டால், தலைவர் செத்துவிட்டார் என்று நினைத்து இரண்டாவதும் உட்கார்ந்துவிடும். முதலாவது சாகாமல் உட்கார்ந்துதான் இருக்கும். இரண்டும் ஒரே பெயரில் உத்தரவு போடும். ஒரே ஷிஃப்டுக்கு இரண்டு இன்சார்ஜ் போட்ட ஆலையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எல்லாரும் ஓடுவார்கள், சரக்கு மட்டும் நகராது.

சண்டை ஒரே ஒரு ஸ்லாட்டுக்காக. மேனேஜர் ஒரு பெட்டிக்கு நான்கு காப்பர் கார்டும் ஒரு ஃபைபர் கார்டும் போதும் என்றார். என் என்ஜினியர் காப்பரில் ஒன்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பத்து ஜிகா கார்டு போட வேண்டும் என்றாள்.

"எதுக்கு மா அது? சூப்பர்வைசர் கார்டுலயே அந்த மாதிரி ரெண்டு போர்ட் இருக்கே. ரெண்டு லிங்க்கையும் அதுலயே போட்டுட வேண்டியதுதான?" என்றார் மேனேஜர்.

"ரெண்டு கயித்தையும் ஒரே ஆணில கட்டுன மாதிரி ஆயிடும் சார். ஒண்ணு இதுல இருக்கட்டும், இன்னொண்ணு வேற கார்டுல இருக்கட்டும்."

"எட்டு ஓட்டை இருக்கிற கார்டுல ஒரே ஒரு ஓட்டையை யூஸ் பண்ணிட்டு ஏழை சும்மா விடணுமா?"

"ஆமா சார்."

"நான் குவாலிட்டிக்கு ப்ராமிஸ் பண்ணியிருக்கேன், ஸ்டோர்ஸுக்கு ப்ராமிஸ் பண்ணியிருக்கேன், கேன்டீன்ல டோக்கன் கம்ப்யூட்டர் கேக்குறாங்க. நாப்பத்தெட்டு போர்ட்டை எடுத்துட்டு ஒண்ணு குடுக்குறேன்ங்குற. பெரியவரே, நீங்க சொல்லுங்க."

நான் மேனேஜர் பக்கம் சொன்னேன். திருநின்றவூர் ஸ்டேஷனில் எந்த ஷேர் ஆட்டோவும் ஏழு சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு கிளம்பி நான் பார்த்ததில்லை. தவிர, வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுக்கிறவன் நான். திரும்பும் வழியில் அவள் வேனில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பஞ்செட்டி தாண்டியதும், "நாஷ்டா துன்னியா மா?" என்று கேட்டேன். "துன்னேன் சார்" என்றாள். செவ்வாப்பேட்டை வரைக்கும் அவ்வளவுதான் பேச்சு.

பெட்டிகள் வந்தன. வேலையை என்று வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. அந்த ஆலை ஞாயிறும் ஓடும், தீபாவளிக்கு மறுநாளும் ஓடும். ஆடி கடைசி ஞாயிறு மட்டும் ஓடாது. அன்று ஆட்கள் பாதிப் பேர் குடும்பத்தோடு பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போய்விடுவார்கள். வேப்பிலை கட்டிக்கொண்டு நிற்கிறவனை ஷிஃப்டுக்கு வா என்று எந்த மேனேஜராலும் சொல்ல முடியாது. ஆகையால் ஆலையே உலையை நிறுத்தி, பராமரிப்பு நாள் என்று பெயர் வைத்துக்கொண்டது. மொத்த நெட்வொர்க்கையும் பிடுங்கி மாற்ற அந்த ஒரு நாள்தான் கிடைக்கும்.

ஆனால் ஆடியில் நான் எதையும் புதிதாகத் தொடங்குவதில்லை. தொடங்கியவர்கள் கதை எனக்குத் தெரியும்.

"அப்ப ஆவணில செய்யலாம் சார்" என்றாள் அவள்.

"ஆவணில ஆலை நிக்காது மா."

"ஆடில நீங்க தொடங்க மாட்டீங்க."

"மாட்டேன்."

"அப்ப?"

"ஆனில தொடங்கிடுவோம். ஆடில தொடருவோம்."

ஆனியில் தொடங்கியதை ஆடியில் தொடர ஒரு தடையும் இல்லை. கோயில் ஐயரிடமும் கேட்டேன். நான் சொன்னதை அவர் ஒப்புக்கொண்டார்.

ஆனி மாதம் ஒரு நல்ல நாள் காலையில் என் குடோனில் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, குட்டையாக இரண்டு மஞ்சள் ஃபைபரால் இணைத்து, மின்சாரம் கொடுத்து, பூஜை போட்டோம். மேனேஜரையும் அழைத்திருந்தேன். கும்மிடிப்பூண்டி ரயில் வேறு லைன், செவ்வாப்பேட்டை வேறு லைன். எனக்காக இந்த லைனில் ஏறி வந்தார். வந்தவருக்கு சர்க்கரைப் பொங்கல் கொடுத்து உட்கார வைத்தோம்.

பூஜைக்கு என் மேஸ்திரிதான் பொறுப்பு. கடப்பாரை காலத்திலிருந்து என்னோடு இருக்கிற ஆள். அவன் கை திருவள்ளூர் மாவட்டத்திலேயே பெரிய கை என்று நினைக்கிறேன். தேங்காயை உடைக்கக் கல் தேட மாட்டான். பெட்டியின் விசிறி தூளை எல்லாம் உள்ளே இழுத்துவிடும் என்பதால் என்ஜினியர் முதலிலேயே சொல்லிவிட்டாள்: விபூதி கூடாது, கற்பூரப் புகை கூடாது, ஊதுபத்தி வாசலோடு சரி. குழைத்த சந்தனமும், அதன்மேல் ஈரமாக ஒட்டும் குங்குமமும் மட்டும். மேஸ்திரிக்கு மனசில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டான்.

பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. தலைவர் பெட்டியில் மட்டும் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அவள் மேனேஜருக்கு லேப்டாப்பில் எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி இடது கையில் சந்தனக் கிண்ணத்தை ஏந்தி, வலது விரலால் ஒவ்வொரு கார்டுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே மேலிருந்து கீழே வந்தான். சூப்பர்வைசர் கார்டுக்கு வந்ததும் நின்றான். அதன் முகத்தில் இரண்டு மஞ்சள் ஃபைபரும் தொங்கிக்கொண்டிருந்தன. கிண்ணத்தைக் கீழே வைக்காமல், சுண்டு விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, மெதுவாக, மரியாதையாகப் பிடுங்கினான். பொட்டு வைத்தான்.

இரண்டாவது பெட்டியிலும் பச்சை விளக்கு எரிந்தது.

"அண்ணே! இன்னா பண்றீங்க?" என்று அவள் ஓடி வந்தாள்.

"பொட்டு வெச்சிக்கினு கீறேன் பாப்பா. நெத்தில முடி தொங்கிக்கினு இருந்தா எப்டி வெக்கிறது?"

"ரெண்டையும் புடுங்கிட்டீங்களே!"

"ஒண்ணை மட்டும் புடுங்கினா இன்னொண்ணு அதே எடத்துல தொங்குதே. ரெண்டும் ஒட்டிக்கினு கீது."

மேனேஜர் பொங்கல் இலையோடு எழுந்து வந்து இரண்டு பச்சை விளக்கையும் பார்த்தார்.

"இப்ப இதுல எது மாஸ்டர்?"

"ரெண்டும் சார்."

"ரெண்டும்னா?"

"ரெண்டும் நான்தான் மாஸ்டர்னு சொல்லுது சார்."

லேப்டாப்பில் வரிசையாக வந்துகொண்டிருந்த எழுத்து நின்று நின்று வந்தது, பிறகு வரவேயில்லை. அவர் அதையும் பார்த்தார்.

"லாரி?"

"நிக்கும் சார்."

அவர் இலையைக் கீழே வைத்தார். பொங்கல் பாதி மிச்சம் இருந்தது. "ஆலையில பெட்டி வெக்கிற ரேக்குக்குக் கதவு இருக்கு. பூட்டு போட்டுடலாம்" என்றார்.

"ஆயுத பூஜைக்குத் தொறப்பீங்கல்ல சார்?" என்று கேட்டான் மேஸ்திரி.

அந்த ஆலையில் ஆயுத பூஜை அன்று பூட்டிய பெட்டி என்று ஒன்று இருக்கக் கூடாது. உலையிலிருந்து தராசு வரைக்கும் எல்லாம் திறந்து, துடைத்து, பொட்டு வைக்கப்பட வேண்டும். சாவிக் கொத்தை முந்தின நாளே எடுத்துக் கொடுக்கிறவர் மேனேஜர்தான். பூஜை முடிந்ததும் உலைகள் ஓட ஆரம்பித்துவிடும், லாரியும் கிளம்பும்.

அந்த இடத்தில் நான் பேசினேன். நான் பேசியதால்தான் வேலை நடந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். "சார், ஒரு கை. ஒரு கையால ரெண்டையும் புடுங்க முடியாத மாதிரி வெச்சிடுவோம். அதான் கணக்கு" என்றேன்.

"அதைத்தான் சார் நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் அவள்.

"நீ ஆணி, கயிறுன்னே. நான் கைன்னு சொல்றேன்."

மேல் ஸ்லாட்டில் பத்து ஜிகா கார்டு, கீழே சூப்பர்வைசர் கார்டு, ஒரு லிங்க் அதில், ஒரு லிங்க் இதில் என்று முடிவானது. சரிதானா என்று பார்க்க மேஸ்திரியைக் கையை விரிக்கச் சொன்னோம். கட்டை விரலைக் கீழே ஊன்றி எட்டி எட்டிப் பார்த்தான். அவனுக்கே எட்டவில்லை என்றால் அந்த ஆலையில் எவனுக்கும் எட்டாது.

"ரெண்டு கையாலயும் இழுத்தா?" என்றார் மேனேஜர்.

மேஸ்திரி அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஒரு கைல கிண்ணம் இருக்குமே சார்."

மேனேஜர் நிர்வாகத்துக்கு எழுதிய குறிப்பில், இணைப்புப் போர்ட்டுகளுக்கு இடையே போதிய இடைவெளி தேவை என்று ஆங்கிலத்தில் கண்ணியமாக எழுதியிருந்தார். அந்த இடைவெளி எவ்வளவு, எப்படி அளந்தது என்பது எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும்.

பெட்டிக்கு நாற்பத்தெட்டு போர்ட் குறைந்ததால் அவர் போய்ச் சிலரிடம் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. குவாலிட்டிக்குச் சொன்னார், ஸ்டோர்ஸுக்குச் சொன்னார், கேன்டீனுக்கும் சொன்னார். அன்றிலிருந்து கொஞ்ச நாள் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தார்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. பெட்டிக்கு ஒரு காப்பர் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பத்து ஜிகா கார்டு வாங்க வேண்டும், அதுவும் ஆடி கடைசி ஞாயிறுக்குள். சென்னையில் டீலர் ஆபீசில் ஒருவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொட்டை எல்லாம் என்ஜினியர் ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தாள். அவர் மூக்கருகில் கொண்டுபோனார்.

"யூஸ் பண்ணியிருக்கீங்க. சந்தன வாசனை வருது."

"நல்ல வாசனைதான?"

"இதைத் திருப்பி எடுக்க முடியாது சார்."

"எடுக்க வேணாம். பூஜை போட்ட கார்டை குப்பைல போட்டேன்னு உங்க முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் இங்கியே வெச்சிட்டுப் போறேன்."

மேசை மேல் வைத்துவிட்டு எழுந்தேன். அவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். கார்டு மாறியது. பேசத் தெரிய வேண்டும். அதற்கு ஆறாம் வகுப்பு தேவையில்லை.

ஆடி கடைசி ஞாயிறு ஆலை அமைதியாக இருந்தது. உலை ஓடாத ஆலைக்குள் காக்கா கத்துவது கேட்கும். மேஸ்திரிக்கும் பெரியபாளையம் போக ஆசை. அம்மன் எங்கியும் போவ மாட்டா, அடுத்த வாரம் போய்க்கலாம் என்றேன். "அடுத்த வாரம் ஆவணி நைனா" என்றான். என்றாலும் வந்தான். பழைய சின்ன சுவிட்சுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். நான் வருஷக்கணக்கில் கோத்த சங்கிலி ஒரு சாக்குப் பையில் அடங்கிவிட்டது. இரண்டு பெட்டியையும் ஏற்றி, கார்டுகளைத் தள்ளி, என்ஜினியர் சொன்ன வரிசையில் வயர்களைச் சொருகினோம். மேலே ஒரு ஃபைபர், கீழே ஒரு ஃபைபர். ஒரே ஒரு பச்சை விளக்கு. திங்கள்கிழமை முதல் ஷிஃப்டுக்கு ஆட்கள் மொட்டைத் தலையோடு வந்தார்கள், கேட் பாஸ் அச்சானது, லாரி போனது. யாரும் எதையும் கவனிக்கவில்லை.

மேனேஜர் பாஸைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அது என் சட்டைப் பையில் இருந்தது, ஆனால் அங்கே நிலையாக இருக்கிற பொருள்போல் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. அன்று என் குடோனில் எனக்கு வேலை, அங்கே போகவில்லை. விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த என்ஜினியர் குடோனிலிருந்தே ஆலைப் பெட்டிகளைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். குரலில் அவசரம் இல்லை.

"சார், ஒரு லிங்க் டவுன்ல இருக்கு. பூஜை அன்னிலேர்ந்தே."

"லாரி?"

"இன்னொண்ணு இருக்கே சார். எல்லாம் ஓடிட்டுதான் இருக்கு."

மேஸ்திரியை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். டெஸ்பாட்ச் அறை வாசலில் வாழைக்கன்று வாடிக்கொண்டிருந்தது. ரேக்கின் கதவு திறந்திருந்தது. ஒவ்வொரு கார்டுக்கும் பொட்டு, ஒரு கார்டு விடவில்லை. யாரோ ஒழுங்கான ஆள். கீழே சூப்பர்வைசர் கார்டில் நெற்றி சுத்தமாக இருந்தது. அங்கே தொங்க வேண்டிய மஞ்சள் ஃபைபரைப் பிடுங்கி, அழகாகச் சுருட்டி, பெட்டியின் தலைமேல் வைத்து, அதன்மேல் ஒரு சாமந்திப் பூவும் வைத்திருந்தார்கள். மேல் கார்டில் இன்னொரு ஃபைபர் அசையாமல் தொங்கியது. அதில் எட்டு போர்ட்டில் ஏழு காலியாக இருந்ததால் பொட்டு வைக்கத் தாராளமாக இடம் கிடைத்திருந்தது. எதையும் பிடுங்க வேண்டிய தேவையே வரவில்லை. காலியாக விட்ட ஏழு போர்ட்டுக்கு இப்படி ஓர் உபயோகம் இருக்கும் என்று என் என்ஜினியர்கூட நினைத்ததில்லை.

"பார்த்தியா நைனா, கிண்ணத்தைக் கீழ வெக்கவே இல்ல" என்றான் மேஸ்திரி. தரையில் கிண்ணத் தடம் இல்லையாம். அவன் அதையெல்லாம் பார்ப்பான்.

டெஸ்பாட்ச் கிளார்க் கேட் பாஸ் அடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா, யார் கூப்ட்டா?"

"யாரும் கூப்புடல. இது புடுங்கிக்கினு கெடந்துது. ரெண்டும் போயிருந்தா ரெண்டு நாளா உன் லாரி ஒண்ணுகூட நகர்ந்திருக்காது."

"நிக்கலியே."

"நிக்கல. அதைத்தான் சொல்றேன்."

"அப்புறம் இன்னா?" என்று அடுத்த கேட் பாஸை அடிக்கப் போனார்.

நான் ஃபைபர் முனையைத் துடைத்துச் சொருகினேன். பூவை மட்டும் எடுக்கவில்லை. மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டார். பேனா இரண்டும் பையில் இருந்தன. "சரி. சொருகியாச்சுல்ல?" என்றார். ஆச்சு என்றேன். "சரி" என்றார். கொஞ்ச நேரம் நின்றேன். ஆலைத் தலைவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாமா என்று யோசித்தேன். கேபிள் போட்டேன் என்று சொல்லலாம், பெட்டி வைத்தேன் என்று சொல்லலாம். நிற்காத லாரியைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் பேச விஷயம் இருந்தும் பேசாமல் வந்தது அன்று ஒரு நாள்தான்.

கேட்டில் வேனை நிறுத்தினேன். அதே செக்யூரிட்டி. பாஸை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வேன் உள்ளே எட்டிப் பார்த்தார், மேஸ்திரி கையில் கருவிப் பை மட்டும் இருந்தது.

"இன்னா நைனா, எதுனா நின்னு பூட்ச்சா?"

"ஒண்ணும் நிக்கல."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

அவருக்காவது முழுசாகச் சொல்லிவிடுவோம் என்று வேனின் இன்ஜினை அணைத்தேன். கிண்ணத்திலிருந்து ஆரம்பிக்கலாமா, பல்லியிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று யோசிப்பதற்குள் பின்னால் ஹாரன் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். சரக்கு ஏற்றிய லாரி ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "பெருசு, வண்டிய எடு, எவ்ளோ நேரம் நிக்கிறது?" என்று கத்தினான்.

இன்னொரு தடவை லாரி நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று மேனேஜர் சொன்னது ஞாபகம் வந்தது. பாஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேனை எடுத்தேன். செக்யூரிட்டி கை பாதி வரைக்கும் வந்தது.